ரிமார்க்ஸ் காலம்

போன மாசம் எங்க டிபார்ட்மென்ட்டை ரெண்டாவது மாடியிலேர்ந்து கீழ்த்தளத்துக்கு மாத்தினாங்க. அட்டெண்டர் அண்ணன் பீரோவைத் திறந்து ஒவ்வொரு ஃபைலா தூக்கிக் காட்டி "மேடம் இது வேணுமா"ன்னு கேக்க, நான் டீ குடிச்சிக்கிட்டே வேணாம் வேணாம்னு தலையாட்டிட்டு இருந்தேன். ஒரு கட்டு ஃபார்ம் கயிறு அறுந்து கீழ சிதறிடுச்சு. ஓரமெல்லாம் கரையான் அரிச்சது. பொறுக்கி அடுக்கலாம்னு தரையில உக்காந்தவ அப்படியே முக்கால் மணி நேரம் எந்திரிக்கல, டீ ஆறி ஆடை கட்டிடுச்சு. பொம்பளைங்க ஒரு நாள்ல எவ்வளவு அசையிறாங்கன்னு இடுப்புல பெல்ட்டுல மிஷின் கட்டி எட்டு வருஷத்துக்கு முந்தி நாங்க பண்ண ஸ்டடியோட தினசரி ஃபார்ம் அது. எத்தனை மணிக்கு போட்டாங்க, எத்தனை மணிக்கு கழட்டினாங்க, ஏன் கழட்டினாங்க, கடைசியா ஒரு ரிமார்க்ஸ் காலம், அதாவது குறிப்பு எழுதுற கட்டம். அந்தக் கடைசி காலத்துல எங்க ஃபீல்டு பொண்ணு நீலப் பேனாவால குட்டி குட்டி எழுத்துல எழுதியிருந்தா: "பகல் 12.20க்கு போனேன். பெல்ட் இடுப்பில் இருந்தது. பீடி சுத்திக்கொண்டு இருந்தார்." மறுநாள் ஃபார்ம்லயும் நேரம் மட்டும் மாத்தி அதே வரி. அதுக்கு அடுத்த நாளும்.

அந்த பீடி சுத்துற அக்காவை நான் ஃபோன்ல திட்டியிருக்கேன். பெல்ட் போடலைன்னு. அதைச் சொல்றதுக்கு முன்னாடி நான் என்ன பொழப்பு பாக்குறேன்னு கொஞ்சம் சொல்லணும்.

எங்க சொந்தக்காரங்களுக்கு இன்னிவரைக்கும் நான் என்ன டாக்டர்னு புரியல. கம்யூனிட்டி மெடிசின், ஊர் ஜனங்களோட ஆரோக்கியத்தை மொத்தமா பாக்குற படிப்புன்னு சொன்னா "அப்ப ஊசி போடுவியா மாட்டியா"ன்னு ஒரு அத்தை கேட்டாங்க, கல்யாண வீட்டுல, பந்தியில வச்சு. பீஜி கவுன்சிலிங்ல எனக்கு கிடைச்சது அதுதான், நானா ஆசைப்பட்டு எடுக்கல, எங்க பேட்ச்ல யாருமே ஆசைப்பட்டு எடுக்கல. ஆனா ரெண்டாவது வருஷம் எங்க சார் ஒருத்தர் லண்டன் பஸ் கதையை எடுத்தார் பாருங்க, அன்னிக்கு விழுந்தவதான். ஜெர்ரி மாரிஸ்னு ஒருத்தர், 1953ல, லண்டன் மாடி பஸ்ல வேலை பாக்குற டிரைவருங்களையும் கண்டக்டருங்களையும் எடுத்துக்கிட்டு யாருக்கு மாரடைப்பு அதிகம் வருதுன்னு பாத்தார். ஒரே பஸ், ஒரே ரோடு, ஒரே புகை. டிரைவர் ஷிஃப்ட் முழுக்க உக்காந்திருக்கார், கண்டக்டர் மாடிப்படி ஏறி ஏறி இறங்குறார். கண்டக்டருக்குத்தான் கம்மி. உடம்பை அசைக்கிறதுக்கும் இதயத்துக்கும் சம்பந்தம் இருக்குன்னு எங்க ஃபீல்டே அங்கேருந்துதான் தொடங்குதுன்னு சொல்லுவாங்க. இப்ப நான் வருஷா வருஷம் அதே கதையை எடுக்குறேன். பசங்க "மேடம், எங்க ஊர் டவுன் பஸ் கண்டக்டர் படிக்கட்டுல தொங்கிட்டே டிக்கெட் குடுப்பாரு, அவருக்கு நூறு வயசு கேரண்டியா"ன்னு கேப்பானுங்க. மாரிஸ் 99 வயசு வரைக்கும் இருந்தார்ங்கிறதையும் சொல்லி வைப்பேன், வகுப்புல எடுபடும்.

ஆனா எனக்குப் பிடிச்சது அதுக்கு அப்புறம் அவர் பண்ணது. மூணு வருஷம் கழிச்சு, 1956ல, அவரும் அவர் கூட்டாளிகளும் பஸ் கம்பெனி யூனிஃபார்ம் ரெக்கார்டை எடுத்து எல்லாரோட பேன்ட் இடுப்பு சைஸையும் பாத்தாங்க. டிரைவருங்க இடுப்பு கண்டக்டருங்களைவிட பெருசு. அதுல என்ன ஆச்சரியம்னு கேப்பீங்க. இளவயசுலயே, இருபத்தஞ்சு முப்பது வயசு ஆளுங்ககிட்டயே அப்படித்தான் இருந்துச்சு. அப்ப உக்காந்ததால குண்டானாங்களா, இல்ல ஏற்கனவே குண்டா இருந்தவங்கதான் டிரைவர் வேலைக்குப் போனாங்களா? தனக்குப் பேர் வாங்கிக் குடுத்த கண்டுபிடிப்பைத் தானே போய் தையக்காரன் அளவுல வச்சு சந்தேகப்பட்டார் அந்த மனுஷன். இதை நான் எத்தனை பேட்ச்சுக்கு எடுத்திருப்பேன், பத்து இருக்குமா. எடுத்துட்டு நேரா ரூமுக்குப் போய் என் எக்செல்ல உக்காந்துருவேன்.

கேள்வித்தாள் காலம்

ஆரம்பத்துல எல்லாம் கேள்வித்தாள்தான். உலக சுகாதார நிறுவனத்தோட 16 கேள்வி ஒண்ணு இருக்கு, எங்க ஆளுங்க ஜிபேக்னு சொல்லுவோம். வேலையில எவ்வளவு, போக வர எவ்வளவு, பொழுதுபோக்குல எவ்வளவு, எவ்வளவு நேரம் உக்காந்திருக்கீங்க. கஷ்டமான வேலைன்னா நிமிஷத்தை எட்டால பெருக்கணும், நடுத்தரம்னா நாலால. வாரத்துக்கு 600 வந்தா நீங்க பாஸ். என் தீசிஸுக்காக ஊர் ஊரா போய் இதைக் கேட்டிருக்கேன். "ஓய்வு நேரத்துல உடற்பயிற்சி, விளையாட்டு ஏதாவது தொடர்ந்து பத்து நிமிஷமாவது செய்வீங்களா"ன்னு நாத்து நட்டுட்டு வந்து கால்ல சேறோட உக்காந்திருக்கிற பொம்பளைகிட்ட கேக்கும்போது ஒரு கூச்சம் வரும். ஒரு பாட்டி பக்கத்துல இருந்தவங்களைப் பாத்து "இந்தப் புள்ள என்ன கேக்கு?"ன்னுச்சு, அவ்வளவுதான், தெருவே சிரிச்சுது. சிரிச்சதுல தப்பில்ல. மூணு மாநிலத்துலயும் சண்டிகர்லயும் பதினாலாயிரத்துக்கு மேல ஆளுங்களைப் பாத்த ஐசிஎம்ஆர்-இண்டியாப்ங்கிற சர்க்கரை நோய் ஆய்வு 2014ல வந்துச்சு, அதுல தமிழ்நாட்டுல 93.1 சதவீதம் பேர் பொழுதுபோக்கு உடற்பயிற்சியே கிடையாதுன்னு சொல்லியிருந்தாங்க. அந்த நம்பரை நான் எத்தனை ஸ்லைடுல போட்டிருக்கேன்னு கணக்கில்ல.

ஆனா மனுசங்க சொல்றதை நம்ப முடியாது, கூட்டிச் சொல்லுவாங்க, மறந்துடுவாங்க, டாக்டரம்மா சந்தோசப்படட்டும்னு சொல்லுவாங்க. இதுதான் எங்க தொழில்ல முதல் பாடம். அதனால மிஷின். இடுப்புல எலாஸ்டிக் பெல்ட்டுல தீப்பெட்டி சைஸ்ல ஒண்ணு, அசைஞ்சா எண்ணும், அசையலைன்னா எண்ணாது. ஏழு நாள் போட்டிருக்கணும், குளிக்க, தூங்க மட்டும் கழட்டலாம். எங்ககிட்ட இருந்தது பத்தே பெல்ட்டு, அதை வச்சு சுத்தி சுத்தி ஒரு சின்ன ஸ்டடி. டவுன்ல கொஞ்சம் பொம்பளைங்க, ஆலங்குளம் பக்கம் கிராமங்கள்ல கொஞ்சம் பொம்பளைங்க. கிராமத்துல முதல்ல கேட்டது "இதுல கேமரா இருக்கா?" ரெண்டாவது கேட்டது "கரண்ட் அடிக்குமா?"

டேட்டா வந்ததும் முதல்ல சுத்தம் பண்ணணும். பெல்ட்டைக் கழட்டி அலமாரியில வச்சிருந்தாலும் மிஷின் பூஜ்யம்தான் காட்டும், ஆள் போட்டுக்கிட்டு சும்மா இருந்தாலும் பூஜ்யம்தான். எப்படிப் பிரிக்கிறது? அதுக்கு ஒரு விதி இருக்கு, அமெரிக்காவுல 2003-04 சர்வே டேட்டாவுக்காகப் போட்டது, உலகம் பூரா நிறைய பேர் அதைத்தான் எடுத்துக்கிட்டாங்க. தொடர்ந்து 60 நிமிஷம் பூஜ்யமா இருந்தா பெல்ட் உடம்புல இல்லைன்னு அர்த்தம், ஏன்னா உயிரோட இருக்கிற மனுசன் ஒரு மணி நேரம் ஆடாம அசையாம இருக்க மாட்டான்ல. அந்த நேரத்தைத் தூக்கிடணும். மிச்சம் ஒரு நாளைக்கு 10 மணி நேரமாவது இருக்கணும், அப்படி நாலு நாளாவது தேறணும், இல்லைன்னா ஆளையே தூக்கிடணும். சாஃப்ட்வேர்ல ஒரு டிக் போட்டா போதும், ரெண்டு செகண்டு வேலை.

கிராமத்துப் பொம்பளைங்க நிறைய பேர் அடிபட்டுட்டாங்க. ரெண்டு மூணு மணி நேரம், நாலு மணி நேரம்னு பகல்ல நடுவுல பூஜ்யம் பூஜ்யமா. எனக்கு எரிச்சல். ஏழு நாள் வாடகை கார், பெட்ரோல், காஃபி, கடைசியில பெல்ட்டைக் கழட்டி ஆணியில மாட்டிட்டாங்களேன்னு. அதுல ஒரு அக்கா மட்டும் ஏழு நாளும் அப்படியே. ஃபோன் போட்டேன். "அக்கா, பகல்ல பெல்ட்டைக் கழட்டி வச்சிட்டீங்கதானே? உண்மையைச் சொல்லுங்க, ஒண்ணும் சொல்ல மாட்டோம்." அந்த "ஒண்ணும் சொல்ல மாட்டோம்"ல இருந்த தொனி எனக்கு இப்பவும் காதுல இருக்கு, பரீட்சை ஹால்ல பிட்டு பிடிச்ச தொனி. "இல்லியே டாக்டரம்மா, குளிக்கப் போம்போது மட்டுந்தான் கழத்துனேன். கெட்டிட்டுத்தான இருந்தேன்." மிஷின்ல தெரியுது அக்கான்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்ல. அப்புறம், "சரிம்மா. நீங்க படிச்சவிய. மிஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும்"னாங்க.

அவங்களைத் தூக்கிட்டேன். அவங்களை மாதிரி இன்னும் சில பேரையும். மிச்சம் இருந்தவங்களை வச்சு, கிராமத்துப் பெண்கள் டவுன் பெண்களைவிட கம்மியா உக்காந்திருக்காங்கன்னு ரிசல்ட் வந்துச்சு. வரத்தானே செய்யும், உக்காந்திருந்தவங்களைத்தான் வெளிய தள்ளியாச்சே. பேப்பர் வந்துச்சு. அசோசியேட் ப்ரொஃபசர் ஆகுறதுக்கு கணக்குல வந்த பேப்பர்ல அதுவும் ஒண்ணு. டிபார்ட்மென்ட்ல பஃப்ஸும் ஜூஸும் வாங்கிக் குடுத்தேன்.

நீலப் பேனா

அந்த ஃபீல்டு பொண்ணு எம்எஸ்டபிள்யூ முடிச்சிட்டு எங்ககிட்ட ஒரு வருஷம் வேலை பாத்தவ. இப்ப கோயம்புத்தூர்ல, ஒரு குழந்தை. தரையில உக்காந்தபடியே அவளுக்கு ஃபோன் பண்ணேன். நீ ஏம்மா அப்பவே எங்கிட்ட சொல்லல? "எழுதினேனே மேடம்." எழுதின, சொல்லலையே. "ரிமார்க்ஸ் காலம் எதுக்கு மேடம் வச்சிருந்தீங்க?" அவ நக்கலா கேக்கல, நிஜமாவே கேட்டா. நான் பதில் சொல்லல, குழந்தை என்ன பண்ணுதுன்னு பேச்சை மாத்திட்டேன். எக்செல்ல ஏத்தும்போது எண்ணா வர்றதை மட்டும்தான் ஏத்துவோம். எழுத்தா இருக்கிற ரிமார்க்ஸ் காலத்தை டேட்டா என்ட்ரி தம்பி "இது வேணுமா மேடம்"னு கேட்டிருப்பான், நானும் வேணாம்னு தலையாட்டியிருப்பேன், இப்ப அட்டெண்டர் அண்ணன்கிட்ட ஆட்டுற மாதிரியே.

அடுத்த ஞாயித்துக்கிழமை வண்டியை எடுத்துக்கிட்டு போனேன். தெரு அப்படியே இருந்துச்சு, வீட்டுக்கு முன்னாடி மட்டும் தகரக் கொட்டகை போட்டிருந்தாங்க. அக்கா அதுக்கு அடியில மடியில சுளகோட உக்காந்திருந்தாங்க. என்னை அடையாளம் தெரியல, பெல்ட்டுன்னதும் தெரிஞ்சுடுச்சு. "அந்த டாக்டரம்மாவா? வாங்க வாங்க." மன்னிப்பு கேக்குறதுக்குன்னு வழியெல்லாம் வாக்கியம் அடுக்கிட்டு போயிருந்தேன், அவங்களுக்கு அந்த ஃபோன் ஞாபகமே இல்ல, இல்ல ஞாபகம் இல்லாத மாதிரி காட்டிக்கிட்டாங்க. நான் இங்கயே கொஞ்ச நேரம் உக்காந்துக்கட்டுமான்னேன். "உக்காருங்க, எனக்கு கணக்கு முடியணும், பேசிக்கிட்டே சுத்துதேன்."

ஒரு மணி நேரம் அவங்க இடுப்பைப் பாத்தேன். கேக்க ஒரு மாதிரி இருக்கும், ஆனா அதுக்குத்தான் போனேன். முந்தின ராத்திரியே இலையை நனைச்சு, தகடு வச்சு கத்திரியால வெட்டி, ஈரச் சாக்குத்துணியில சுத்தி வச்சிருந்தாங்க. ஒரு இலையை எடுக்குறாங்க, விரல் நுனியில தூளை எடுத்து வரிசையா தூவுறாங்க, ரெண்டு கட்டைவிரலும் சேந்து உருட்டுது, வாயை மடக்கி நகத்தால குத்தி உள்ள தள்ளுறாங்க, நூல் ரெண்டு சுத்து, கட். சுளகுல விழுது. அரை நிமிஷத்துக்கு கொஞ்சம் மேல ஆகும். மணிக்கட்டுக்குக் கீழ எல்லாம் பறக்குது, மணிக்கட்டுக்கு மேல கல்லு. தலை குனிஞ்சபடியே இருக்கு, முதுகு வளைஞ்சபடியே இருக்கு, பேரன் வந்து தோள்ல சாஞ்சான், ஆடல. பாதியில எனக்கு கால் மரத்துப்போய் ரெண்டு தடவை மாத்தி உக்காந்தேன். என் இடுப்புல பெல்ட் இருந்திருந்தா எண்ணியிருக்கும். தண்ணி குடிக்கலையாக்கான்னேன். "குடிச்சா ஒண்ணுக்குப் போணும்லா, எந்திரிச்சா கை ஓட்டம் போயிரும்"னாங்க, தலையைத் தூக்காமலே. உயிரோட இருக்கிற மனுசன் ஒரு மணி நேரம் அசையாம இருக்க மாட்டான்னு விதி போட்டவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, அவங்க பீடி சுத்துறவங்களைப் பாத்திருக்க மாட்டாங்க. நான் திருநெல்வேலிக்காரி. தெருவுக்கு நாலு சுளகு பாத்து வளந்தவ.

சுகர் வந்து ரெண்டு வருஷம் ஆச்சாம். மக்களைத் தேடி மருத்துவத்துல மாத்திரை வீட்டுக்கே வருது, அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுன்னாங்க. அவளும் மாத்திரை குடுக்கும்போதெல்லாம் தினம் அரை மணி நேரம் நடக்கச் சொல்றாளாம். நான் ட்ரெய்னிங்ல சொல்லிக் குடுக்குற அதே வரி. "அரை மணி நேரம்னா அம்பது பீடிம்மா. ரெண்டு கட்டு." கட்டுக்கு 25. நான் மனசுக்குள்ள பெருக்கிப் பாத்தேன், பழக்கதோஷம். வாரத்துக்கு 150 நிமிஷம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அப்படின்னா பத்து கட்டு. கடையில கணக்கு குறைஞ்சா என்ன ஆகும்னு கேட்டேன். அவங்க பதில் சொல்லாம சிரிச்சாங்க, அப்புறம் கழிச்சுப் போட்ட பீடியைத் தனியா எடுத்து வச்சிருந்த டப்பாவைக் காட்டினாங்க. கொஞ்சம் லூசா இருந்தா, நூல் நழுவினா தள்ளிடுவாங்க, அதுக்கு கூலி கிடையாது. 2023 நவம்பர்ல எல்லா மாவட்டத்துலயும் 8 கிலோமீட்டர் நடைபாதை தொடங்கினாங்களே, நடப்போம் நலம் பெறுவோம், அன்னிக்கு தொப்பி போட்டுக்கிட்டு நானும் போய் நடந்தேன், ஃபோட்டோவும் வந்துச்சு. அதை அவங்ககிட்ட சொல்ல வாய் வரல.

எந்த கட்டம்

வீட்டுக்கு வந்து பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்து, அந்த டிக்கை எடுத்துட்டு, ஃபார்ம்ல இருக்கிற நேரத்தை வச்சு கையாலயே திரும்ப ஓட்டினேன். தூக்கினவங்க எல்லாம் திரும்பி வந்தாங்க. கிராமம் டவுன் வித்தியாசம் கரைஞ்சுபோச்சு. அந்த அக்காதான் லிஸ்ட்லயே அதிக நேரம் உக்காந்திருந்தவங்க. சரி, தப்பைத் திருத்தியாச்சுன்னு நிம்மதி வந்திருக்கணும். வரல. ஏன்னா இப்ப அவங்க பேருக்கு நேர் என்ன எழுதணும்? இங்கிலீஷ்ல செடன்டரி. முழிச்சிருக்கிற நேரத்துல உக்காந்தோ சாஞ்சோ படுத்தோ இருக்கணும், 1.5 மெட்டுக்கு மேல (சும்மா உக்காந்திருக்க உடம்பு செலவழிக்கிற சக்தி ஒரு மெட்) செலவாகக் கூடாது, அவ்வளவுதான் அதுக்கு டெஃபனிஷன், யாரையும் திட்டல. தமிழ்ல அதை நாங்க நோட்டீஸ்ல எப்படிப் போடுறோம்னு பாத்தீங்கன்னா, "உடல் உழைப்பில்லாத வாழ்க்கை முறை." பதினஞ்சு வருஷமா நானே எழுதியிருக்கேன், சர்க்கரை நோய்க்குக் காரணங்கள்ங்கிற தலைப்புல ரெண்டாவது பாயின்ட்டு. காலைல ஆறு மணியிலேர்ந்து ராத்திரி வரைக்கும் சுத்துறவங்களைப் பாத்து உழைப்பில்லாதவங்கன்னு சொல்றது. முதல்ல ஆளே இல்லைன்னு சொன்னேன், இப்ப ஆள் இருக்காங்க, உழைக்கலைன்னு சொல்றேன்.

எந்த வேலைக்கு எத்தனை மெட்னு ஒரு பெரிய பட்டியல் இருக்கு, 1993லேர்ந்து புதுப்பிச்சுக்கிட்டே வர்றாங்க, நூத்துக்கணக்குல வேலை, குதிரையைத் தேய்ச்சு விடுறது வரைக்கும் உண்டு. அன்னிக்கு ராத்திரி உக்காந்து அதுல பீடி சுத்துறதைத் தேடினேன், என் கண்ணுல படல. உக்காந்து சிகரெட் பிடிக்கிறதுக்கு இருக்கு. 1.3.

இதுல நான் உணர்ச்சிவசப்பட்டு உண்மையை மறைக்கவும் முடியாது. அவங்க உக்காந்தே இருக்கிறது அவங்க உடம்பைக் கெடுக்கத்தான் செய்யுது, சுகர் வந்ததுல அதுக்குப் பங்கு இருக்கும்னுதான் நான் நினைக்கிறேன், உழைப்புக்கு மரியாதைன்னு சொல்லி அதை மூடிட்டா அதுவும் துரோகம்தான். டென்மார்க்ல ஹோல்டர்மன்னு ஒருத்தர், வேலையில உடம்பை வருத்துறது ஓய்வு நேர உடற்பயிற்சி மாதிரி நல்லது பண்றதில்லைன்னு ரொம்ப வருஷமா சொல்லிட்டு வர்றார். தூக்குறவங்க, நிக்கிறவங்க கதை அது. சுளகை மடியில வச்சிருக்கிறவங்களுக்கு ரெண்டு பக்கமும் நஷ்டம்.

பேப்பர் விஷயமா எடிட்டருக்கு ஒரு மெயில் போட்டேன், இப்படி இப்படி தப்பு நடந்திருக்கு, திருத்தம் போடணும்னு. எங்க சீனியர் ஒருத்தர்கிட்ட முன்னாடியே சொன்னேன், "ஏம்மா, அதை மொத்தமா ஏழு பேர் படிச்சிருப்பான், அதுல ரெண்டு பேர் நீயும் நானும், விட்ருவியா"ன்னார். மெயில் கிடைச்சுதுன்னு ஆட்டோமேட்டிக்கா ஒரு பதில் வந்துச்சு, அதோட சரி.

இதுக்கு நடுவுல சர்க்கரை நோய் தினத்துக்கு நோட்டீஸ் அடிக்கணும். போன வருஷ ஃபைலை அப்படியே எடுத்து தேதியை மட்டும் மாத்துறதுதான் வழக்கம். ப்ரூஃப் வந்ததும் ரெண்டாவது பாயின்ட்டை அடிச்சுட்டேன், பதிலுக்கு என்ன போடுறதுன்னு தெரியல. "உடல் இயக்கக் குறைவு"ன்னு எழுதினேன், எங்க ஊர்ல அது பக்கவாதம் மாதிரி கேக்கும். "அமர்வு வாழ்க்கை"ன்னு எழுதினேன், நீதிபதி ஞாபகம் வருது. மூணு நாள் ஆச்சு, பிரஸ்லேர்ந்து தம்பி ஃபோன் பண்ணிட்டான், மேடம் மிஷின் சும்மா நிக்குது, அந்த ஒரு லைன் என்னன்னு சொன்னா ஓட்டிருவேன்னு. சொன்னேன், ரொம்ப நேரம் எந்திரிக்காம உக்காந்தே இருக்குறதுக்கு ஒரு வார்த்தை தேடிட்டு இருக்கேன்பான்னு. "ரொம்ப நேரம் எந்திரிக்காம உக்காந்தே இருக்குறதுன்னே போட்ருவோமா மேடம்? இடம் இருக்கு"ன்னான். போடுன்னு சொல்லிட்டேன். ஹெச்ஓடி இன்னும் பாக்கல.